முதல் முறை பலகை அடுக்குபவர்களுக்கு: தாவர உணவை எப்படிப் பரிமாறலாம்?

வீட்டுக்கு ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பால் பொருள் தொடமாட்டார். ஒருவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. கூட வரும் குழந்தைக்கு ஒரு உணவு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தாலே பிடிக்காது. ஆளுக்கொரு சமையல் செய்வது நடக்கிற காரியமில்லை. பொதுவாக ஒன்றைச் செய்தாலோ, யாரோ ஒருவர் அரை வயிற்றோடு எழுந்துபோவார். இந்த மாதிரி நேரத்தில்தான் பலகை கைகொடுக்கும்.

விஷயம் எளிமையானது. ஒரு பெரிய மரப்பலகையில் காய், பழம், ரொட்டி, கொட்டைகள், தொட்டுக்கொள்ள இரண்டு மூன்று டிப்கள் என்று பலவற்றையும் தனித்தனிக் குவியலாக அடுக்கி, மேசை நடுவில் வைத்துவிடுவது. அவரவருக்கு வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்வார்கள். பரிமாறுவதற்கென்று ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டாம். சமைத்தவரும் கூட உட்கார்ந்து சாப்பிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

ஷார்க்யூட்டரி போர்டு என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். 'சமைத்த இறைச்சி' என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. பதப்படுத்திய இறைச்சியும் சீஸும்தான் அதன் அடிப்படை. பழமும் கொட்டையும் ஓரத்தில் துணைக்கு இருக்கும். தாவர உணவுப் பலகையில் அந்தத் துணைகள்தான் முக்கிய உணவு. இறைச்சி, மீன், முட்டை கிடையாது. பால், வெண்ணெய், சீஸ், தேன் ஆகியவையும் கிடையாது. சைவம் என்று சொன்னால் பாலும் தயிரும் அதில் அடங்கிவிடும். இது அதைவிட ஒரு படி கூடுதல். பாலையும் தவிர்ப்பவர்களுக்குத் தனிப் பெயர் இல்லையே என்றுதான் 1944இல் பிரிட்டனில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் 'வீகன்' என்ற புதுச் சொல்லை உண்டாக்கினார்கள்.

அப்படியானால் ஓரத்தில் இருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும்தானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் முதலில் அடுக்கிய பலகையில் கேரட், வெள்ளரிக்காய், குடமிளகாய், திராட்சை, தர்பூசணி, கொஞ்சம் உப்பு பிஸ்கட் இருந்தன. பார்க்க அழகாக இருந்தது. வந்தவர்கள் படம் எடுத்தார்கள், மனதாரப் பாராட்டினார்கள். தர்பூசணிச் சாறு ஓடிப்போய் பிஸ்கட்டெல்லாம் ஊறிவிட்டது. அது போகட்டும், ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் மறுபடி பசித்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து பாஸ்தா வேகவைத்தேன். சீஸும் இறைச்சியும் அந்தப் பழைய பலகையில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தன என்பதும், அவற்றை எடுத்துவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

என்ன வேலை அது? உப்பு, கொழுப்பு, பல்லுக்குக் கொஞ்சம் வேலை, அப்புறம் விழுங்கிய பிறகும் நாக்கில் தங்குகிற ஓர் ஆழமான சுவை. இந்தக் கடைசிச் சுவை இறைச்சிக்கே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா அதற்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, 'உமாமி' என்று பெயர் வைத்தது கொம்பு என்ற கடற்பாசியிலிருந்துதான். தக்காளியை உலர்த்தினாலும், காளானை நன்றாக வதக்கினாலும், சோயாவைப் புளிக்கவைத்து சோயா சாஸாகவோ மிசோவாகவோ ஆக்கினாலும் அதே சுவை கூடி வரும்.

ஆக, பலகைக்குப் பொருள் வாங்கக் கிளம்பும் முன் நான் மனதுக்குள் நாலு கேள்வி கேட்டுக்கொள்வேன். உப்புக்கு என்ன? ஆலிவ், உப்புநீரில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சு, கேப்பர் என்ற ஊறவைத்த பூமொட்டு. கொழுப்புக்கு என்ன? முந்திரி, பாதாம், அவகாடோ, எள் விழுது. மென்று தின்ன என்ன? சுட்ட டோஃபு (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி), டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), வதக்கிய காளான். ஆழமான சுவைக்கு என்ன? எண்ணெயில் ஊறிய உலர் தக்காளி, மிசோ கலந்த ஒரு டிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலாவது இருந்தால் அந்தப் பலகை வயிற்றை நிரப்பும். பதில் இல்லாவிட்டால், எத்தனை வண்ணம் இருந்தாலும் அது வெறும் காய்கறித் தட்டுதான்.

கனமான கிண்ணத்திலிருந்து தொடங்குங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் வயிற்றை நிரப்பும் ஒரு கிண்ணத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கிண்ணத்துக்கு, கொண்டைக்கடலையையும் எள் விழுதையும் அரைத்துச் செய்யும் ஹம்மஸைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. அந்த அரபுச் சொல்லுக்கே கொண்டைக்கடலை என்றுதான் பொருள். புரதம், நார்ச்சத்து, எள்ளின் கொழுப்பு எல்லாம் ஒரே கிண்ணத்தில் வந்துவிடும்.

கடையில் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு முறை வீட்டில் செய்து பாருங்கள். 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவையுங்கள். மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து வேகவையுங்கள். சோடாவின் காரத்தன்மை கடலைத் தோலில் உள்ள பெக்டினை இளக்கிவிடும். தோல் தனியாகத் தெரியாத அளவுக்குக் குழையும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கூழாக நசுங்க வேண்டும். கொஞ்சம் தடுத்தாலும் இன்னும் வேக வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். தஹினி என்று விற்கிற எள் விழுதை அரை கப் எடுத்து, ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு, ஒரு பல் பூண்டு, உப்பு சேர்த்து மிக்ஸியில் அடித்தால், தளர்வாக இருந்த விழுது சட்டென்று இறுகிக் கட்டியாகும். கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். நாலாவது ஐந்தாவது கரண்டியில் பழுப்பு நிறம் வெளுத்து, அடித்த கிரீம் மாதிரி பொங்கி வரும். இப்போது வெந்த கடலையை வெதுவெதுப்பாக இருக்கும்போதே சேர்த்து, இன்னும் மூன்று நாலு நிமிடம் விடாமல் அரைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும் என்பதால், வேண்டியதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் வட்டமாக ஒரு பள்ளம் போட்டு, அதில் ஆலிவ் எண்ணெய் விட்டால் ஆயிற்று.

இரண்டாவது கிண்ணம் சீஸின் இடத்துக்கு. 150 கிராம் முந்திரியைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி ஈஸ்ட் செதில், அரை டீஸ்பூன் உப்பு, மூன்று நாலு கரண்டி தண்ணீர் சேர்த்து வழவழவென்று அரையுங்கள். ஈஸ்ட் செதில் என்பது ரொட்டி பொங்கச் செய்யும் ஈஸ்ட் அல்ல. செயலிழக்கச் செய்து உலர்த்தி, சுவைக்காக விற்பது. அரைத்ததை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் விட்டால் உருட்டும் பதத்துக்கு வந்துவிடும். பொடித்த மிளகிலும் நறுக்கிய மூலிகை இலையிலும் புரட்டி எடுங்கள். பலகையில் இதை வைத்ததும் முதலில் கத்தி போவது இதன் மேல்தான்.

கடையில் விற்கும் தாவர சீஸ்களில் பல தேங்காய் எண்ணெயில் செய்தவை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே இளக ஆரம்பிக்கும். அதனால் பால் சீஸை ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவைப்பதுபோல இதை வைத்தால் மேலே எண்ணெய் மினுக்கும், பிசுபிசுக்கும். பரிமாறுவதற்கு முன் கால் மணி நேரம் போதும்.

காய், பழம், ரொட்டி

எல்லாக் காயையும் பச்சையாக வைக்காதீர்கள். ப்ரோக்கோலி, பீன்ஸ், அஸ்பாரகஸ் போன்றவற்றைக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள். பச்சை வாடை போய்விடும், மொறுமொறுப்பு இருக்கும், நிறமும் பளிச்சென்று தெரியும். சில காய்களை அடுப்பில் நன்றாகச் சுட்டு வைப்பது இன்னும் நல்லது. சுட்ட குடமிளகாய்க்கும் சுடாத குடமிளகாய்க்கும் உள்ள சுவை வித்தியாசம், இரண்டு வேறு காய்களுக்கு இடையே உள்ளது போல இருக்கும்.

கேரட் குச்சிகளை முந்தைய நாளே வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தண்ணீரை உறிஞ்சி விறைப்பாக நிற்கும். வெள்ளரிக்காயை மட்டும் கடைசியில் வெட்டுங்கள், முன்கூட்டியே உப்புப் போடாதீர்கள். உப்புப் பட்டதுமே தண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.

ஆப்பிளும் அவகாடோவும் வெட்டியதும் பழுப்பாவதற்குக் காரணம், வெட்டுப்பட்ட இடத்தில் உள்ள நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்வதுதான். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்தும். ஆப்பிள் துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, துணியால் ஒற்றிவிடுங்கள். அந்தக் கடைசி ஒற்றல் முக்கியம். பலகையில் எது ஏறினாலும் ஈரமில்லாமல் ஏற வேண்டும்.

பழங்களில் திராட்சை, அத்தி, பேரீச்சை, பெர்ரிகள், பேரிக்காய் எல்லாம் பலகைக்கு நல்லவை. தர்பூசணி, அன்னாசி போன்ற சாறு ஒழுகுபவற்றைக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். இனிப்பை அளவோடு வைத்தால் உப்புக்கு நல்ல துணை. பேரீச்சையைக் கீறி விதையை எடுத்துவிட்டு, முந்திரிச் சீஸை நிரப்பி, மேலே ஒரு வால்நட் துண்டு அழுத்திப் பாருங்கள். எனக்கு எந்தப் பலகையிலும் இது இல்லாமல் முடியாது.

ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் லேபிளைப் படிக்க வேண்டும். பார்த்தால் தாவர உணவு மாதிரியே இருக்கும் பலவற்றில் பால் பொடி, வெண்ணெய், முட்டை, தேன் ஒளிந்திருக்கும். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோவைக் கடையில் வாங்கினால் அதில் பெரும்பாலும் சீஸ் இருக்கும். டார்க் சாக்லேட் என்று எழுதியிருந்தாலும் சிலவற்றில் பால் சேர்ந்திருக்கும். ஜெல்லி மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. உங்கள் விருந்தாளி நம்பிக் கையை நீட்டுகிறார் என்பதால், சந்தேகமாக இருக்கும் பொருளைப் பலகையில் ஏற்றாமல் இருப்பதே மரியாதை.

அடுக்குவது

அழகாக அடுக்கத் தனித் திறமை வேண்டும் என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் அதிகம். உண்மையில் வரிசை தெரிந்தால் போதும். முதலில் கிண்ணங்களை வையுங்கள், ஒன்றுக்கொன்று தள்ளி, நேர்கோட்டில் இல்லாமல். அடுத்து பெரிய பொருட்கள்: முந்திரிச் சீஸ் உருண்டை, திராட்சைக் கொத்து, டோஃபு. பிறகு ரொட்டியும் பிஸ்கட்டும், விசிறி மாதிரி சாய்த்து. அப்புறம் காய்களை டிப் கிண்ணங்களை ஒட்டிக் குவியுங்கள். பழம் அடுத்தது. இடையில் தெரிகிற பொந்துகளில் பாதாம், ஆலிவ், உலர்ந்த பழம். கடைசியில் இரண்டு கொத்துப் புதினா அல்லது பேசில்.

ஒரே நிறத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். பிஸ்கட்டும் ஈரமான பொருளும் தொட்டுக்கொள்ளக் கூடாது. வழியில்லை என்றால் நடுவில் ஒரு லெட்யூஸ் இலையை விரித்துவிடுங்கள். நாலு பக்கமும் ஆட்கள் உட்காரும் மேசை என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். பெரிய பலகை என்றால் ஹம்மஸை இரண்டு கிண்ணமாகப் பிரித்து இரண்டு முனையிலும் வையுங்கள். ஒவ்வொரு டிப்புக்கும் தனிக் கரண்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தட்டு. கடித்த கேரட்டையே மறுபடி கிண்ணத்தில் முக்காமல் இருக்க அந்தச் சின்னத் தட்டுதான் உதவும்.

அடுக்கி முடித்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். வலது கையில் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மட்டும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பேன். கொத்தாக இருக்கும் திராட்சையைப் பிய்க்க இரண்டு கை வேண்டியிருந்தால், கத்தரியால் மூன்று நாலு பழம் உள்ள சிறு கொத்துகளாக வெட்டிவிடுவேன். ரொட்டித் துண்டு இரண்டு கடிக்கு மேல் இருந்தால் பாதியாக்குவேன். முந்திரிச் சீஸில் முதல் துண்டை நானே வெட்டிச் சாய்த்து வைப்பேன். வெட்டாத உருண்டையை முதலில் தொட எல்லோருக்கும் தயக்கம். ஒரு துண்டு சாய்ந்திருந்தால் கை தானாகப் போகும்.

அளவுக்கு என் கணக்கு இது: சாப்பாட்டுக்கு முன் கொறிக்க என்றால் ஆளுக்கு மொத்தம் 150 முதல் 200 கிராம், பலகையே சாப்பாடு என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. டிப் ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி, ரொட்டி நாலைந்து சின்னத் துண்டு. ஆறு பேருக்கு 30க்கு 45 சென்டிமீட்டர் பலகை சரியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றாமல் மூன்றில் ஒரு பங்கைச் சமையலறையிலேயே வைத்திருந்து, காலியாகக் காலியாக நிரப்புங்கள்.

வீட்டுச் சாப்பாட்டுக்கும் பலகை

விருந்தாளி வந்தால்தான் பலகை என்றில்லை. வாரத்தில் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டையே பலகையில் வைக்கலாம். அதற்கு இத்தனை வகையெல்லாம் வேண்டாம். வேகவைத்த உருளைக்கிழங்கு, மசித்த பீன்ஸ், சோளம், அவகாடோ, தக்காளி, வெங்காயம் என்று வைத்தால் ஆளுக்கு ஆள் தன் உருளைக்கிழங்கைத் தானே நிரப்பிக்கொள்வார்கள். டார்ட்டியா என்ற மென்மையான மெக்சிகோ ரொட்டியை அடுக்கி, சுற்றிலும் மசாலா போட்ட பீன்ஸ், வதக்கிய காளான், சல்சா என்ற காரமான தக்காளித் தொக்கு வைத்தால் அது ஒரு நாள். ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம், பெர்ரி என்று காலைச் சாப்பாட்டுக்கும் போடலாம். சூடான பொருளைப் பலகையில் நேரடியாகப் பரப்ப வேண்டாம்; சீக்கிரம் ஆறிவிடும். மூடி போட்ட சிறு பாத்திரத்தில் வைத்து, அந்தப் பாத்திரத்துக்குப் பலகையில் இடம் ஒதுக்குங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பலகை செய்யும் வேலை எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு வேலைப் பங்கீட்டைச் சொன்னார்: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்களின் பொறுப்பு, அதைச் சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கும், தட்டில் போட்டுக் கொடுக்கும்போது கடைப்பிடிப்பது கஷ்டம். போட்டதை முடி என்று வாய் வந்துவிடும். பலகையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் நடுவில் இருக்கிறது, குழந்தை தானாக எடுக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி முதல் பதினைந்து நிமிடம் பிஸ்கட்டை மட்டும் சாப்பிட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பிஸ்கட்டை நிமிர்த்தி நிறுத்தி, அதன் மேல் ஒரு வெள்ளரி வட்டம், அதன் மேல் ஒரு ஆலிவ் என்று கோபுரம் கட்ட ஆரம்பித்தாள். கட்டியது சரிந்தது. சரிந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆலிவ் பிடிக்கவில்லை, முகம் சுளித்து வெளியே எடுத்துவிட்டாள். வெள்ளரியை மட்டும் மறுபடி எடுத்தாள், இந்தத் தடவை ஹம்மஸில் முக்கி. புதுச் சுவை பழகக் குழந்தைகளுக்குப் பத்துப் பதினைந்து முறை அதைப் பார்க்கவும் தொடவும் வேண்டியிருக்கும். குழந்தைக்குத் தெரிந்த, நிச்சயம் பிடித்த ஒரு பொருளாவது பலகையில் இருந்தால், மற்றதற்குக் கை நீட்டத் தைரியம் வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகளும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. திராட்சையையும் செர்ரி தக்காளியையும் நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். முழுக் கொட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் போட்டு, சின்னக் கை எட்டாத பக்கம் வையுங்கள், அல்லது பொடித்துத் தூவுங்கள். பச்சைக் கேரட்டையும் சின்னக் குழந்தைகளுக்கு வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

நேரமும் ஒவ்வாமையும்

இறைச்சி இல்லை, அதனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெளியே இருக்கலாம் என்பது தவறான எண்ணம். ஹம்மஸ், முந்திரிச் சீஸ், வெந்த பீன்ஸ், டோஃபு, வெட்டிய பழம் எல்லாவற்றிலும் கிருமி வளரும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். திறந்தவெளி விருந்து என்றால் டிப் கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் இறக்கி வையுங்கள். கொட்டை, பிஸ்கட், முழுப் பழம், உலர்ந்த பழம் ஆகியவற்றுக்கு இந்தக் கெடு இல்லை.

இன்னொன்று, பூண்டு எண்ணெய். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே நாள்கணக்கில் வைப்பது மிகவும் ஆபத்து. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லாததால், போட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான நச்சுநோயைத் தரும் பாக்டீரியா அங்கே வளரலாம். மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. அன்றன்றைக்குச் செய்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

தாவர உணவுப் பலகையில் ஒவ்வாமை தரும் பொருட்கள் நிறைய உண்டு: வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா, கோதுமை, எள். இதில் எள்ளைப் பலரும் மறந்துவிடுவார்கள்; ஹம்மஸுக்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அமெரிக்காவில் பொட்டல உணவுகளில் குறிப்பிட்டே ஆக வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்து நடைமுறைக்கு வந்ததே 2023 ஜனவரியில்தான். அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர் வருகிறார் என்றால் பலகையின் ஒரு மூலையை ஒதுக்குவதில் பயனில்லை; கரண்டி மாறும், தூள் உதிரும். அன்றைக்கு யாருக்கும் கொட்டை வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் சரி. முந்திரிக்குப் பதில் ஊறவைத்த சூரியகாந்தி விதையில் அதே சீஸைச் செய்யலாம்.

பலகையும் மிச்சமும்

பலகை எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். மேப்பிள், வால்நட், தேக்கு, அக்கேசியா போன்ற கெட்டி மரம் நீண்ட நாள் உழைக்கும். ஸ்லேட், பளிங்குப் பலகைகள் குளிர்ச்சியைத் தக்கவைக்கும், ஆனால் எடை அதிகம், அதன் மேல் வெட்டினால் கத்தி மழுங்கும். எதுவும் இல்லையா? பெரிய பேக்கிங் தட்டின் மேல் தாளை விரித்து அடுக்குங்கள். வந்தவர்கள் அதையெல்லாம் கவனிக்கவே மாட்டார்கள்.

மரப்பலகை சுகாதாரமானதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1990களில் டீன் கிளைவர் என்ற நுண்ணுயிரியல் ஆய்வாளர் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மரத்துக்குள் உறிஞ்சப்பட்ட பாக்டீரியாக்கள் பெருகாமல் மெல்ல மடிவதையும், கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கைக் கழுவிச் சுத்தப்படுத்துவது கடினம் என்பதையும் கண்டார். சோப்பும் வெந்நீரும் போதும். ஊறப்போடாதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்காதீர்கள். கழுவும்போது இரண்டு பக்கத்தையும் நனைத்து, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளைந்துவிடும்.

மாதம் ஒரு முறை எண்ணெய் பூச வேண்டும். சமையல் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்து நாறும். உணவுப் பயன்பாட்டுக்கான மினரல் ஆயில் சரியாக இருக்கும். கடையில் விற்கும் பலகைப் பூச்சுகளில் பெரும்பாலும் தேன்மெழுகு சேர்ந்திருக்கும். தேனையே தவிர்ப்பவர்களுக்காகப் பலகை வாங்குகிறீர்கள் என்றால் இதையும் பாருங்கள். கார்னௌபா என்ற பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகில் செய்த பூச்சும் கிடைக்கிறது.

மிச்சத்துக்கு வருவோம். வெளியே இரண்டு மணி நேரம் இருந்த டிப்பை எடுத்துவைக்காதீர்கள். மனது கேட்காதுதான், அதனால்தான் கிண்ணத்தைச் சின்னதாக வைத்து நிரப்பச் சொன்னேன். ஃப்ரிட்ஜிலேயே இருந்த காய்களை மறுநாள் சூப்பாக்கலாம், அல்லது எண்ணெய் புரட்டி அடுப்பில் சுடலாம். நமுத்த பிஸ்கட்டை 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுக்கும். பழத்தை உறையவைத்தால் ஸ்மூத்திக்கு ஆகும். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத ஹம்மஸ் இருந்தால் பாஸ்தா வேகவையுங்கள். வடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் அரை கப் எடுத்துவைத்து, ஹம்மஸில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் இரண்டு நிமிடத்தில் சாஸ் தயார். மேலே மீந்த ஆலிவையும் உலர் தக்காளியையும் நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.